விலா

வேமய்யா தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து
கழுத்திலிருந்து வால்வரை எண்ணினார்.
பதினொன்று.
"இதி நா எத்து காதம்மா" என்றார்,
பிறகு எனக்காகத் தமிழில்:
"என் எருது ஒருநாளும் பட்டினி கெடந்ததில்ல.
சந்தை முடிச்சிட்டு வரேன். சரி பண்ணி வை."

நகரிப் பக்கத்து ஆள்.
எருது பாதி வெள்ளை, பாதி மழைமேக நிறம்.
போன வாரம் அவர் வண்டியை நிறுத்தியபோது
நானே எடுத்த படம்.
இதற்குக் கலர் எதற்கு,
கறுப்பு வெள்ளையில் போட்டுத் தருகிறேன் என்று
வாய் விட்டவளும் நானே.

கலரில் எவ்வளவோ மறையும்.
மஞ்சள் யாரையும் காட்டிக் கொடுக்காது.
கல்யாண ஆல்பங்களில் இந்த எந்திரம்
இரண்டு வருடமாக நல்ல பேர்தான் வாங்கியது.
சாம்பலில் மட்டும்
முடி அகலத்துக்கு ஒரு சறுக்கல்
கோடாக வந்து நிற்கிறது.

நாசில் சோதனைத் தாள் எடுத்தேன்.
படிக்கட்டுபோல் இறங்கும் சின்னக் கோடுகளில்
வெளிர் சாம்பலுக்கு இரண்டு படி இல்லை.
கத்திரி வெயில்.
தோசைமாவே பாத்திர ஓரத்தில் காய்ந்து ஏடு கட்டும் பொதட்டூர்பேட்டையில்
இம்மியளவு மை காயாதா?
தலையைக் கழுவ விட்டேன்.
ஒரு முறை. இரண்டு. மூன்று.
எந்திரத்தின் அடிவயிற்றுப் பஞ்சு
நானூறு ரூபாய் மையைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது.
படிகள் எல்லாம் வந்துவிட்டன.
எருதின் விலாவும் வந்தது, அப்படியே.

புத்தூர் மெக்கானிக் செங்கல்வராயன் போனில் சொன்னான்:
வேகத்தைக் குறை,
போகும்போது மட்டும் அடிக்கச் சொல், திரும்பும்போது வேண்டாம்,
தாள் வகையைச் சரியாகக் கொடு,
உருளை தள்ளும் அளவை ஒரு புள்ளி கூட்டு.
கூட்டினேன். கறுப்புக் கோடு வெள்ளைக் கோடானது.
குறைத்தேன். மறுபடி கறுப்பு.
நடுவில் நிறுத்தினால்
ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.
"அக்கா, வரிக்குதிரை" என்றாள் டில்லிராணி.
சிரிக்கிற நிலையில் நான் இல்லை.
ஒரு தாள் அறுபது ரூபாய்.

ஸ்கேல் வைத்து அளந்தேன்.
இடைவெளி ஒன்றுபோல் இருந்தால் தப்பு உருளையில்.
பதினெட்டு மில்லிமீட்டர். இருபத்துமூன்று. பதினாறு.
இது உருளை இல்லை,
யாரோ.

மூன்றரைக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்த,
பாதி வந்த தாள் மீதியும் வந்துகொண்டிருந்தது.
தெருவுக்கே காது அடைத்த மாதிரி.
கையில் எடுத்தால்
கழுத்துப் பக்கம் நாலு கோடு,
அதற்கப்புறம்
மழமழவென்று வயிறு, தொடை, வால்.

சுவருக்கு அந்தப் பக்கம்
வஜ்ரவேலுவின் பத்துத் தறி.
பிளக் பாயிண்ட் பக்கமென்று
மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டது நான்தான்.
ஆறு வருடம் அந்தத் தடதடப்பைக் கேட்டுக் கேட்டு
எனக்குக் கேட்காமல் போயிருந்தது.
தாளுக்குக் கேட்டிருக்கிறது.

மேசையை நாலு விரல் தள்ளி நகர்த்தினோம்.
மூன்று காலுக்கு அடியில் டயர் துண்டு,
நாலாவதுக்கு டில்லிராணியின் செருப்பு.
ஐந்தரைக்குக் கரண்ட் வந்தது,
பின்னாலேயே தறிகளும்.
அடித்தேன்.

வேமய்யா மறுபடி எண்ண ஆரம்பித்தார்.
விரல் ஓரிடத்தில் நின்றது.
முன்னங்காலுக்குப் பின்னே, மெலிசாக, ஒன்று.
நான் லென்ஸை எடுக்கப் போனேன்.
வேண்டாமென்று கை காட்டினார்.
"இது அதோடதுதான்.
போன வருசம் லாரி உரசிச்சு."
பேசினதில் ஐம்பது குறைத்துக் கொடுத்துவிட்டுப்
படத்தைச் சேலைக் கட்டுக்குள் வைத்துச் சுருட்டாமல் எடுத்துப் போனார்.

கடை அடைத்தபின் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன்.
அந்த இடத்தில்
சாம்பல் மேல் சாம்பல்.
இருப்பது போலவும் இருந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் நூல் அறுந்து
ஒரு தறியை மட்டும் நிறுத்தினார்கள்.
எந்தத் தறி என்று
என்னால் சொல்ல முடிந்தது.